குற்றத்தின் கணக்கில் இழந்தவர் பங்கு

ஹட்டன் நீதவான் நீதிமன்றத்துக்கு இப்படியொரு வழக்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். சம்பள நாளன்று மாலையில், கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு தோட்டத்து லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடுகிறான். இழுத்த வேகத்தில் அவள் கல்லில் விழுந்து மணிக்கட்டு முறிகிறது. டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவள், வாரக்கணக்கில் கொழுந்து கிள்ள முடியாமல், செக்ரோலில் பெயர் விழாமல், அடகுக் கடையையும் அயலாரையும் நம்பிக் குடும்பத்தை ஓட்டுகிறாள். கள்வன் பிடிபடுகிறான். பொலிஸார் சாட்சி சொல்ல அழைக்க, தவணைக்குத் தவணை ஒருநாட் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் இழந்து அவள் நீதிமன்ற வாசலில் காத்திருக்கிறாள். முடிவில் குற்றம் ரூபிக்கப்பட்டு, எதிரிக்குச் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்படுகின்றன. சிறைச்சாலை அரசாங்கத்தினுடையது, அபராதமும் அரசாங்கக் கஜானாவைச் சேர்ந்தது. வழக்கில் நியாயம் வென்றதென்று எல்லோரும் சொல்கிறார்கள். வழக்குக்குக் காரணமாகிய பெண்ணோ, சங்கிலியும் இன்றி, சம்பளமும் இன்றி, வைத்தியச் செலவும் திரும்பாமல் மலையேறிப் போகிறாள்.

இது கற்பனையாக எடுத்துக்கொண்ட உதாரணமேயாயினும், மலையகத்தில் நீதிமன்றப் படியேறியவர்கள் இதன் சாயலைத் தம் அநுபவத்தில் கண்டிருப்பார்கள். குற்றவாளிக்கு என்ன தண்டனை என்று கேட்கப் பழகிய நாம், குற்றத்தால் நஷ்டப்பட்டவருக்கு என்ன பரிகாரம் என்று கேட்கப் பழகவில்லை. அந்த இரண்டாவது கேள்விக்கும் நமது நாட்டுச் சட்டத்தில் விடை இருக்கிறது என்பதையும், கேளாதவர்க்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய நாளில் இக்கேள்வி இவ்வளவு மறைந்து கிடக்கவில்லை. களவு போன பொருளைக் கண்டுபிடித்து உடையவனிடம் சேர்ப்பிப்பது அரசனின் கடமை என்றும், அது இயலாதபோது தன் சொந்தப் பொருளிலிருந்தே அவன் ஈடுசெய்ய வேண்டும் என்றும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதித்தது. காவலுக்காக மக்களிடம் இறை வாங்கியவன், காவல் தவறினால் அந்த நஷ்டத்தையும் தாங்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. தமிழகத்தில் ஆநிரை மீட்கப் போரிட்டும் ஊரைக் காக்கப் போரிட்டும் மாண்ட வீரரின் சுற்றத்தாருக்கு உதிரப்பட்டி என்னும் பெயரால் நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சிந்திய இரத்தத்துக்கு ஊர் பொறுப்பேற்ற சம்பிரதாயம் அது. ஆனால் அதே கல்வெட்டுகளில் வேறொரு வழக்கமும் காணப்படுகிறது. வேட்டையிலோ சண்டையிலோ கைதவறி ஒருவனைக் கொன்றுவிட்டவனை, இறந்தவனின் ஆன்மா சாந்தியடையும் பொருட்டுக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கும்படி சபையார் பணித்தார்கள். அதற்காக அவன் ஆடுகளையோ பசுக்களையோ கோயிலுக்கு அளித்தான். கொன்றவன் உயிர் தப்பினான். கோயிலில் விளக்கு எரிந்தது. இறந்தவனுடைய மனைவியும் மக்களும் எதைக் கொண்டு ஜீவனம் நடத்தினார்கள் என்பதைப்பற்றி அத்தகைய சாசனங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. இக்காலத்து அபராதமும் அந்த விளக்கைப் போன்றதே: குற்றவாளி கொடுக்கிறான், பொதுவான ஒரு ஸ்தாபனம் பெற்றுக்கொள்கிறது, இழந்த வீடு இருட்டிலேயே இருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் குற்றம் என்பது முடியரசுக்கு எதிரான அபசாரமாகக் கருதப்பட்டது. வழக்கை நடத்துவதும் தண்டனை கோருவதும் அரசாங்கத்தின் காரியமாயின. அடிபட்டவரும் பறிகொடுத்தவரும் சாட்சிகளாக மாத்திரம் மிஞ்சினர். நஷ்டம் வேண்டுமானால் வேறாகச் சிவில் வழக்குத் தொடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் ஒதுங்கிக்கொண்டது. ஒரு வழக்கின் செலவையே தாங்கமாட்டாத ஏழையை இன்னொரு வழக்குக்குப் போகச் சொல்வது, கதவைத் திறந்து வைத்துவிட்டு வழியை அடைப்பதற்கு ஒப்பானது.

பெருந்தோட்டங்களிலே இந்நிலை இன்னும் கொடியதாக இருந்தது. 1841ஆம் ஆண்டின் சட்டமும் அதையடுத்து வந்த 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டமும், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப இடமளித்தன. 1920களின் முற்பகுதியில், தொழிலாளியின் கடனைச் சீட்டில் குறித்து அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறையும் அத்தகைய தண்டனைகளும் ஒழியும் வரையில், நம் முன்னோரில் பலர் நீதிமன்றத்தைக் கண்டது குற்றவாளிக் கூண்டிலிருந்துதான். குற்றவியற் சட்டம் என்பது துரைமாரின் கைக்கருவி, அதன் அருகே போகாதிருப்பதே க்ஷேமம் என்ற எண்ணம் லயங்களில் வேரூன்றியதற்கு இந்தப் பூர்வ சரித்திரம் ஒரு பிரதான காரணம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி இரையானார். அதைப்பற்றி விசாரிக்க ஆணைக்குழு நியமிக்கப்பட்டபோது, அவருடைய விதவையின் சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். இறந்தவருடைய மனைவியின் பக்கத்திலும் ஒரு சட்டத்தரணி எழுந்து நிற்க முடியும் என்பதை மலையகம் கண்ணாரக் கண்ட சந்தர்ப்பம் அது. அந்தத் தியாகியை நாம் இன்றும் நினைக்கிறோம். விதவைக்காக ஒருவர் வாதாடினார் என்ற பாகத்தைத்தான் அதிகமாக மறந்துவிட்டோம்.

நட்டஈடு என்பது தோட்டத்து மக்கள் அறியாத விஷயமும் அன்று. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ், வேலைத்தளத்தில் விபத்துக்கு உள்ளானவர்கள் ஈடு கோரலாம் என்பதைத் தோட்டத் தலைவர்கள் அறிவார்கள்; சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் எப்படிக் கேட்டு வாங்குவது என்பதும் பலருக்குத் தெரியும். தவறி விழுந்து கை முறிந்தால் ஈடு உண்டு என்பதை அறிந்தவர்கள், ஒருவன் அடித்து முறித்தாலும் ஈடு உண்டு என்பதை அறியாதிருக்கிறார்கள்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவு, குற்றவாளியாகக் காணப்பட்டவன், அக்குற்றத்தால் பாதிக்கப்பட்ட எவருக்கும், நீதிமன்றம் தகுமெனக் கருதும் தொகையை நட்டஈடாகச் செலுத்தவேண்டுமெனக் கட்டளையிடுவதற்கு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. குற்றம் ரூபிக்கப்பட்டும் குற்றத்தீர்ப்பு அளிக்காமல் எதிரியை விடுவிக்கும் சந்தர்ப்பத்திலும் அந்த அதிகாரம் செல்லும். தொகையைத் தவணை தவணையாகச் செலுத்தவும் விடலாம். செலுத்தத் தவறினால், அபராதத்தை அறவிடும் விதமாகவே அதையும் அறவிடலாம். பின்னர் அதே நஷ்டத்துக்காகச் சிவில் வழக்குத் தொடர்ந்தால், ஏற்கெனவே பெற்ற தொகையை அந்த நீதிமன்றம் கணக்கிற் கொள்ளும். இழந்த பொருளே அகப்பட்டுவிட்டால் நிலைமை இன்னும் எளிது: பொலிஸார் கைப்பற்றிய சங்கிலியையோ கைத்தொலைபேசியையோ அதன் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கும்படி நீதவான் கட்டளையிட முடியும், வழக்கு முடிவடைந்த பின் அப்படிக் கோரும் உரிமையும் உண்டு.

பாலியல் வன்முறை வழக்குகளில் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றிருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாலியல் வல்லுறவுக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிப்பதோடு, பாதிக்கப்பட்டவர் அடைந்த தீங்குக்காக நீதிமன்றம் நிர்ணயிக்கும் நட்டஈட்டையும் செலுத்தக் கட்டளையிட வேண்டும். அங்கே நட்டஈடு நீதிபதியின் தயவைப் பொறுத்ததாக இல்லாமல் தண்டனையின் ஓர் அங்கமாகிவிடுகிறது.

2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கென்றே தனியாக இயற்றப்பட்டது. அதன் பிறப்புக்குப் பின்னால் துக்ககரமான அநுபவங்கள் இருந்தன. 2002இல் வத்தளைப் பொலிஸாரால் தவறாகக் கைதுசெய்யப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளான ஒருவருக்கு, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் கணிசமான நட்டஈட்டை அளித்துத் தீர்ப்புக் கூறிற்று. ஆயினும், தம்மைத் துன்புறுத்தியவர்களுக்கு எதிரான குற்ற வழக்கில் சாட்சி சொல்லுமுன்னரே, 2004 நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாதுகாப்பற்றவனுக்கு அளிக்கும் நட்டஈடு அரைகுறை நியாயமே என்பதை அந்தக் கொலை நாட்டுக்கு உணர்த்திற்று. ஆகவேதான் பாதுகாப்பும் உதவியும் ஒரே சட்டத்துள் இணைக்கப்பட்டு, அவற்றை நிறைவேற்றத் தேசிய அதிகாரசபையொன்றும் நிதியமொன்றும் ஸ்தாபிக்கப்பட்டன. குற்றவாளி பத்து இலட்சம் ரூபாய் வரை நட்டஈடு செலுத்தும்படி நீதிமன்றம் கட்டளையிட அச்சட்டம் வழிசெய்தது. கௌரவமாக நடத்தப்படுதல், வைத்திய உதவி பெறுதல், சட்டத்தரணி மூலம் பிரதிநிதித்துவம் பெறுதல், இழப்புக்குப் பரிகாரம் கோருதல் ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் என்று வகுத்தது. எல்லாவற்றிலும் முக்கியமாக, எதிரி குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட பின்னும் தண்டனை விதிக்கப்படுமுன்னும், அக்குற்றம் தம் வாழ்க்கையை எவ்விதம் பாதித்தது என்பதை நீதிமன்றத்துக்கு நேரிலோ சட்டத்தரணி மூலமோ எடுத்துரைக்கும் உரிமையையும் தந்தது. இச்சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்து, இதே அடிப்படையை விரிவாக்கித் தொடர்கிறது.

குற்றவாளியிடம் கொடுக்க எதுவுமில்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தோட்டப்புறத்துக் குற்றங்கள் பலவற்றில் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே லயத்தின் பக்கத்துக் காம்பறாக்களில் வசிப்பவர்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2021 வரை ஆண்டுக்கணக்கில் போராடிய சமூகத்திலே, ஒரு கூலியாளிடமிருந்து இன்னொரு கூலியாளுக்கு இலட்சக்கணக்கில் வாங்கித் தருவது எளிதன்று. உலக நாடுகள் இந்தச் சங்கடத்தை முன்னரே சிந்தித்தன. மார்ஜரி ஃபிரை என்ற ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி, வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அரசாங்கமே ஈடு கொடுக்கவேண்டுமென்று 1950களில் வாதாடினார். 1963இல் நியூசிலாந்து அதற்கென முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டில் பிரித்தானியாவும் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. 1985 நவம்பர் 29ஆம் தேதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பிரகடனம், குற்றவாளி முதலில் ஈடுசெய்ய வேண்டும், அவனால் முழுமையாக இயலாதபோது அரசாங்கம் முன்வர முயலவேண்டும் என்ற இரு படிகளையும் தெளிவாக வகுத்தது. இந்தியாவில் 2008இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம், ஒவ்வொரு மாநிலமும் பாதிக்கப்பட்டோருக்கான நட்டஈட்டுத் திட்டம் வகுக்கவேண்டுமென்று விதித்தது. குற்றவாளி இன்னாரென்று கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், விசாரணையே நடைபெறாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் அங்கே விண்ணப்பிக்கலாம். இலங்கையின் தேசிய அதிகாரசபையின் நிதியமும் இந்தக் கொள்கையின் வழிவந்ததே. அந்த நிதியத்தைத் தாராளமாக நிரப்பி, அதன் கதவு கொழும்பிலே மாத்திரமன்றி மாவட்டந்தோறும் திறந்திருக்கச் செய்வது பாராளுமன்றத்தின் கடமை.

குற்றம் புரிந்தவர் அரச உத்தியோகத்தராயின் வேறொரு மார்க்கமும் உண்டு. சித்திரவதை, சட்டவிரோதக் கைது ஆகியவற்றுக்கு எதிராக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சம்பவம் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் செய்யவேண்டும் என்பது அதன் கண்டிப்பான நிபந்தனை. அந்த மார்க்கத்தின் வலிமையை நாடு முழுவதும் அறிந்தது 2023 ஜனவரி 12ஆம் தேதியன்று. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாயும், பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரிகள் நால்வர் மொத்தமாக இருபத்தொரு கோடி ரூபாயும் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் தலைவராக இருந்தவரே பாதிக்கப்பட்டோருக்கு ஈடு செலுத்தவேண்டுமென்றால், சாதாரணக் குற்றவாளியிடம் அதைக் கேட்கத் தயங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

ஆனால் காலங்கடந்த ஈடு எவ்வளவு மெலிந்துவிடும் என்பதையும் மலையகம் அறியும். 1977இலும் 1981இலும் 1983இலும் வீசிய இனவன்முறைகளில் லயங்கள் எரிந்தன. குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் அகதிகளாகப் போயின. 1983இன் கொடுமைக்காக அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பகிரங்கமாக மன்னிப்புக் கோரி நட்டஈடு பற்றிப் பேசியது 2004 ஜூலையில். இடையில் இருபத்தொரு வருஷங்கள் கடந்துவிட்டன.

இவ்விடத்தில் ஒரு விபரீதத்தையும் சொல்லாமலிருக்க முடியாது. தோட்டங்களில் ஒரு சிறுமிக்கோ பெண்ணுக்கோ பாலியல் கொடுமை நேர்ந்துவிட்டால், மானம் போகும் என்று சொல்லியும், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசியும், ஒரு தொகையைக் கையில் கொடுத்து முறைப்பாட்டை அமுக்கிவிடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட மலையகச் சிறுவர் சிறுமியர் அங்கே அநுபவித்த உபத்திரவங்கள் சிலவும் இவ்வாறே மூடப்பட்டன. அது நட்டஈடு அன்று. மௌனத்துக்குக் கொடுத்த கிரயம். சிறு கைகலப்பு, அத்துமீறல், சேதம் விளைவித்தல் போன்றவற்றை 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையில் சமாதானமாகத் தீர்த்து, ஈட்டையும் அங்கேயே பேசி முடிப்பது நல்லதே. அதற்கென்றே அச்சபை ஏற்பட்டது. பாரதூரமான குற்றங்களை இணங்கித் தீர்க்கச் சட்டம் இடமளிப்பதில்லை. நீதிமன்றங்களிலும் இதே ஆபத்து வேறு உருவில் தலைகாட்டும். பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுமியர் தொடர்பான சில வழக்குகளில், ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் ஒரு தொகை நட்டஈடும் விதிக்கப்பட்டபோது, பணமுள்ளவன் சிறையை விலைகொடுத்துத் தவிர்க்கிறான் என்ற குறை எழுந்தது. நட்டஈடு தண்டனையோடு சேரவேண்டியது. தண்டனையின் இடத்தை அது பிடித்துக்கொண்டால், பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாம் முறையும் அநியாயம் இழைக்கப்பட்டதாகும்.

நடைமுறையில் செய்யவேண்டியவை சில உண்டு. அவை கடினமானவையல்ல. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுக்கும்போது, நடந்த சம்பவத்தோடு இழந்த பொருளையும் அதன் பெறுமதியையும் சொல்லிப் பதிவிக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. தமிழில் முறையிடுவது நமது உரிமை. சிங்களத்தில் எழுதப்பட்டதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிக்கொண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். வைத்தியசாலையில் சட்ட வைத்தியப் பரிசோதனை செய்யப்படுவதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். மருந்துச் சிட்டை, பயணச் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள், அந்நாட்களைக் காட்டும் சம்பளத் துண்டு ஆகிய யாவற்றையும் ஒரு கடித உறையில் சேர்த்து வைக்க வேண்டும். நீதிபதிக்கு அநுதாபம் எவ்வளவு இருந்தாலும், ஆதாரமில்லாத தொகையைக் கட்டளையிடுவது அவருக்குக் கடினம். வழக்கு முடிவை நெருங்கும்போது, நட்டஈடு கோருவதை நீதவான் நீதிமன்றமாயின் வழக்கை நடத்தும் பொலிஸ் அதிகாரியிடமும், மேல் நீதிமன்றமாயின் அரச சட்டத்தரணியிடமும், தண்டனை விதிக்கப்படுமுன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிள்ளைகள் பாதிக்கப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்திலும், பெண்கள் 1938 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். கேட்கக் கூடாது என்று யாராவது அச்சுறுத்தினால், அச்சுறுத்தலே தனிக் குற்றம், அதற்கும் முறையிடலாம்.

தோட்டத் தொழிற்சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். சேமலாப நிதிப் பத்திரங்களை நிரப்பிக் கொடுக்க உங்கள் காரியாலயங்களில் ஆள் இருக்கிறார். அவரே குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் நஷ்டக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தொழில் புரியும் தமிழ்ச் சட்டத்தரணிகளுக்கும் ஒரு விண்ணப்பம். எதிரிக்காக ஆஜராவதைப் போலவே, பாதிக்கப்பட்டவருக்காக ஆஜராவதும் இப்போது சட்டம் அங்கீகரித்த பணி. ஆண்டுக்குச் சில வழக்குகளையேனும் கட்டணமின்றி அவ்விதம் ஏற்றுக்கொள்ளுங்கள். வாசகர்களுக்குச் சொல்வது இது: உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒருவர் குற்றத்துக்கு ஆளாகி வழக்கு நடக்கிறதென்றால், தீர்ப்பு நாளுக்கு முன் அவரை ஒரு சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்று, 17ஆம் பிரிவின்படி நட்டஈடு கோரும்படி சொல்லுங்கள். அது பிச்சையன்று, சலுகையுமன்று. சட்டம் அவருக்கென்று ஒதுக்கி வைத்துள்ள பங்கு.